மூணாம் பக்கம்

அவர் இப்போது லடாக்கில். போன வருஷம் பதான்கோட்,
அதற்கு முன் முத்திரை அழிந்த ஏதோ ஊர்.
லைசென்ஸ் புத்தகத்தில் ஒட்டுத்தாள் மேல் ஒட்டுத்தாள்.

துப்பாக்கி மட்டும் மாற்றலாகவில்லை.
அந்தியூர் வீட்டுப் பீரோவில்
என் கூறைப்புடவைக்குப் பின்னால் நிற்கிறது.

தேர்தல் அறிவித்தார்கள்.
போர்வையில் சுற்றி மினி பஸ்ஸில் ஏறினேன்.
"என்னங்கம்மிணி, கரும்பா?"
"ஆமாங்க."

ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டார்:
"செங்கோடன் வரலீங்களா?"
"மூணாம் பக்கம் பாருங்க, நானும் இருக்கேன்."
பட்டாவில் இல்லாத என் பெயரை
விரல் வைத்துப் படித்தார்.

அன்றிரவு மரவள்ளிக்குள் பன்றி.
எண்ணெய் டின்னைத் தட்டிக்கொண்டே வரப்பில் நடந்தேன்.
நடுவில் போன்.
காற்றின் இரைச்சலுக்குள் ஒரே கேள்வி:
"ரசீது பத்திரமா?"

டின்னை இன்னும் ஓங்கித் தட்டினேன்.