பதில் தெளிவில்லை

இஷ்பெமிங்கில் காலை எட்டரைக்கும் விளக்கு போட்டிருக்கிறார்கள்.
பனி வாரும் வண்டி ஒதுக்கிய குவியல்
என் காரின் கதவை அழுத்திக்கொண்டிருக்க
அடுத்த கதவு வழியே இறங்கினேன்.
படிவத்தில் எண் மட்டும்தான், பெயர் கூடாது.
ஆகவே அவரை
வெண்டெல் நியெமி என்று வைத்துக்கொள்வோம்.
வயது நாற்பத்தேழு. அது உண்மை.

கேட்கும்போது பணியாளர் அருகில் இருக்கக் கூடாது.
டார்லா எழுந்து அடுக்களைக்குப் போனாள்.
பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.
பிறகு கேட்கவில்லை.

மேசையில் மூன்று அட்டைகள் வைத்தேன்:
சிரிக்கும் முகம், நேர்கோட்டு வாய், சுருங்கிய முகம்.
வேலை பிடித்திருக்கிறதா?
சிரிக்கும் முகத்தைத் தொட்டார்.
இந்த வீடு பிடித்திருக்கிறதா?
சிரிக்கும் முகம்.
பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்:
ஆமாம் சொல்லியே இதுவரை பிழைத்தவர்கள்
உங்களிடமும் ஆமாம் சொல்வார்கள்,
கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.
திருப்பினேன்.
இந்த வீடு பிடிக்கவில்லையா?
ஆமாம் என்றார்.
அதே முகத்தைத் தொட்டார், இன்னும் அன்பாக.

வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறதா?
சட்டைக்குள்ளிருந்து கயிற்றை இழுத்தார்.
பித்தளைச் சாவி, வியர்வையில் கறுத்தது.
எந்தப் பூட்டுக்கு என்றேன்.
அப்பாவின் சவுனாவுக்கு.
அந்த வீட்டை விற்றுப் பதினோரு வருடம்,
சவுனாவை இடித்து அங்கே இரண்டு கார்கள் நிற்கின்றன.
இதையெல்லாம் அவர் சொல்லவில்லை,
அவருடைய அக்காவின் படிவத்தில் இருந்தது.

அக்கா கிரீன் பேயில். தபாலில் வந்த படிவம்.
பெரும்பாலும், பெரும்பாலும், பெரும்பாலும் என்று
ஒரே வரிசையில் இறங்கி வந்த பேனா
பதினெட்டாம் கேள்வியில் தடுமாறியிருக்கிறது.
"இந்த ஒரு வருடத்தில் என் தம்பியை
ஏழு பேர் குளிப்பாட்டியிருக்கிறார்கள்.
நாலு பேரின் பெயர் அவனுக்குத் தெரியும்.
இதற்கு நான் எந்தக் கட்டத்தில் குறியிடட்டும்?"
ஓரம் முழுக்க எழுதி, திரும்பி, மேலேறி.
ஸ்கேனர் ஓரத்தை வெட்டிவிடும்.

இரவு நீங்கள் எப்போது படுப்பது என்று யார் முடிவு செய்கிறார்கள்?
ஒன்பது என்றார்.
எத்தனை மணிக்கு என்று கேட்கவில்லை, யார் என்று கேட்டேன்.
ஒன்பது.
நீங்களா? டார்லாவா? வேறு யாராவதா?
என்னைப் பாவமாகப் பார்த்தார்,
பாடம் ஏறாத பிள்ளையைப் பார்ப்பதுபோல.
விதிப்படி எட்டு என்று போட்டேன்.
எட்டு என்றால், பதில் தெளிவில்லை.

நீ எப்போ தூங்குவே, என்றார் திடீரென்று.
அவர் என்னைக் கேட்கக் கூடாது என்று
எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.
கண்ணை இழுக்கும்போது, என்றேன்.
வெண்டெல் சிரித்தார் பாருங்கள்,
மேசை குலுங்க, மூக்கில் நீர் வர.
நல்ல பொய்க்குத்தான் அப்படிச் சிரிப்பார்கள்.
சிரித்து முடித்து
நேர்கோட்டு வாய் அட்டையை எடுத்து
மடிக்காமல், பத்திரமாக,
சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.
திருப்பிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கிளம்பும்போது குளிர்ப்பெட்டியில் ஒட்டியிருந்த
பணி அட்டவணையைப் பார்த்தேன்.
மாலை ஆள் மூன்றிலிருந்து ஒன்பது.
இரவு ஆள் ஒன்பதிலிருந்து.
ஒருவர் போகும்முன் எல்லோரையும் கிடத்திவிட்டால்தான்
அடுத்தவர் வந்து எண்ண முடியும்.

காருக்குள் ஹீட்டர் சூடாகும்வரை
அந்த எட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
மையால் எழுதியது.
ஓரத்தில், அக்காவைப் போலவே, எழுதினேன்:
யார் என்று கேட்டதற்கு, யார் என்றுதான் சொன்னார்.

மதியம் பக்கத்து ஊரில் இன்னொரு வீடு.
கையில் இரண்டு முகம்தான்.
பெட்ரோல் ரசீதின் பின்பக்கம்
ஒரு வட்டம், இரண்டு புள்ளி போட்டேன்.
வாயை நேராக இழுக்கும்போது
பனி வண்டி மறுபடியும் உரசிக்கொண்டு போனது.
கோடு கொஞ்சம் சாய்ந்துவிட்டது.