வாக்கு

கிரீன்லாந்து, பிப்ரவரி 1982

இறால் உரிக்கும் மேசைகளைச் சுவரோரம் தள்ளி
நாற்பது நாற்காலி போட்டிருந்தோம்.
வந்தவர்கள் தொண்ணூறு பேர்.
குழந்தைகள் ஐஸ் பெட்டிகளின் மேல் ஏறிக்கொண்டார்கள்.

என் வேலை நடுவில் நிற்பது.
டேனிஷில் வருவதை எங்கள் மொழியில் இறக்குவது,
எங்கள் மொழியில் வருவதை டேனிஷில் ஏற்றுவது.
மணிக்குக் கூலி.
இறால் உரிப்பதைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஹெலிகாப்டரில் வந்திறங்கிய ஃப்ளெமிங் ராவ்ன்ஸ்கோ
சுவரில் ஒரு வட்டத்தை ஒட்டினார்.
நீலத் துண்டு, பிரஸ்ஸல்ஸ் தரும் பணம்.
"இது போனால்" என்றார்.
இது போனால் என்றேன்.
"பள்ளிக்கூடத்துக்கு வெந்நீர்க் குழாய் எப்போது வருமென்று
என்னால் சொல்ல முடியாது."
என்னாலும் சொல்ல முடியாது என்றேன்.

பிறகு அவர் கோட்டா என்றார்.
அதற்கு அன்று என் நாவில் சொல் இல்லை.
நம் மீனை அளக்கும் அடுத்தவன் கை
என்று சொல்லிவிட்டேன்.
கொட்டகை உறுமியது.
அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்,
தான் சொன்னதில் அவ்வளவா இருந்தது என்பதுபோல.

எனோக் எழுந்தான்.
"ராத்திரியில் ஜெர்மன் கப்பல் வரும்.
ஒரு ஊரே விளக்கோடு மிதக்கிறது என்று நினைப்பேன்.
நான் கையசைத்திருக்கிறேன்.
ஒருத்தனும் திருப்பி அசைத்ததில்லை.
விடிந்து வலையை இழுத்தால்
தண்ணீர்தான் வரும்."

பிபியானெ உட்கார்ந்தபடியே கேட்டாள்:
"வெளியே போய்விட்டால் வராதா அந்தக் கப்பல்?
கடல் என்ன கதவா, சாத்திக்கொள்ள?"

"திறந்து வைத்தது யார்?
பத்து வருஷத்துக்கு முன்பே வேண்டாம் என்றோம்.
டென்மார்க் வேண்டும் என்றது.
எண்ணிக்கையில் மூழ்கிப்போனோம்."

"என் பிள்ளை உறைந்த விரலோடு எழுதுகிறான், எனோக்.
கருவாடு விற்ற காசு நாறுமா?
எங்கிருந்து வந்தாலும் வெந்நீர் வெந்நீர்தான்."

யார் பேசினாலும் 'நான்' என்றே சொல்ல வேண்டும்.
அதுதான் விதி.
ஒரே மூச்சில்
நான் போக வேண்டும் என்றேன்,
நான் இருக்க வேண்டும் என்றேன்.
எனக்கு வலை காலி,
எனக்குப் பிள்ளையின் விரல்.
என்னோடு நானே மல்லுக்கு நின்று
இரண்டு பக்கமும் கைதட்டு வாங்கினேன்.

பின்னாலிருந்து ஜோகும் ஒரு வார்த்தை விட்டான்.
"என்ன சொல்கிறார்?" என்றார் ராவ்ன்ஸ்கோ.
காபி ஆறிப்போகிறது என்கிறார், என்றேன்.
டேனிஷ் தெரிந்தவர்களெல்லாம் வெடித்துச் சிரித்தார்கள்.
அவரும் சிரித்து, கோப்பையை எடுத்துக்கொண்டார்.

கடைசியில் செவெரின்.
கூட்டத்தில் பேசியே பழக்கமில்லாதவன்.
"அந்த ஒன்றியத்தில் எத்தனை பேர்?"
"இருபத்தேழு கோடி."
"நாம்?"
"ஐம்பதாயிரம்."
"நாம் உள்ளே இருப்பது அவர்களுக்குத் தெரியுமா?"

ராவ்ன்ஸ்கோ வாய் திறந்தார்.
மூடினார்.
அதையும் பெயர்க்க வேண்டுமே என்று
நானும் வாய் திறந்தேன்.
மூடினேன்.
அன்றைக்கு நான் பிசகில்லாமல் செய்தது அது ஒன்றுதான்.

இருபத்துமூன்றாம் தேதி அதே கொட்டகை.
மேசைகள் நடுவுக்கு வந்துவிட்டன.
பாதி இடத்தில் வேலை,
மீதியில் ஒரு பெட்டி, ஒரு திரை,
நூல் கட்டிய பென்சில்.
கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஒரு சத்தமில்லை.
யாராவது ஒரு வாக்கியம் தொடங்கட்டும் என்று
பழக்கதோஷத்தில் காத்து நின்றேன்.
ஊரார் வாக்கெல்லாம் ஏறி இறங்கிய வாய்
தன் வாக்கு எதுவென்று தெரியாமல்
உலர்ந்து கிடந்தது.

வெளியே எனோக் இருமினான்.
"போலெட்டே, உள்ளேயே தூங்கிவிட்டாயா?"
இது பிபியானெ.

இரண்டு பேருக்கும் சேர்த்து
ஒரு கோடுதான் போட முடியும்.
போட்டேன்.
மடித்த சீட்டிலும் ஏறியிருந்தது
இறால் நாற்றம்.