மேசைக்கு அடியில்

கார்பெட் சுலபமாக வந்துவிட்டது.
மூலையைப் பிடித்து இழுத்தால்
கிழட்டு நாய் எழுந்து வருவதுபோல்
முனகிக்கொண்டே வந்தது.
அதற்கு அடியில் இருந்ததுதான் வரவில்லை.

ரப்பர் மெத்தை.
ஒரு காலத்தில் பச்சையாக இருந்திருக்கலாம்.
நாற்பது வருட டர்பன் புழுக்கத்தில்
பாதி பொடியாகி, பாதி பிசினாகி
அச்சுமுறுக்கு அச்சைத் தரையில் ஒற்றியதுபோல்
வட்டம் வட்டமாக அப்பிக்கிடந்தது.

சுரண்டிக்காக மூன்று கடை ஏறி இறங்கினோம்.
கடைசியில் தோசைத்திருப்பிதான் ஒத்துவந்தது.
"இனி இதில் தோசை கேட்காதே" என்றேன் தீனாவிடம்.
அவன் வெந்நீரில் வினிகர் கலந்து கொண்டுவந்தான்.
வீடு முழுக்க ஊறுகாய் நாற்றம்.

பழைய யோகா பாயை வெட்டி
முழங்காலில் கட்டிக்கொண்டேன்.
ஒரு சாண் தரைக்கு அரை மணி நேரம்.
ஸ்டேப்பிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி
பால்பவுடர் டின்னில் போட்டேன்.
அறுநூறுக்குப் பிறகு எண்ணவில்லை.

மூன்றாம் நாள் மரம் தெரிந்தது.
ஈரத்துணி பட்டதும்
மீன்குழம்பு நிறத்தில் விழித்துக்கொண்டது.
இழைப்பு இயந்திரத்தோடு வந்த பெகிசிஸ்வே
குந்தி உட்கார்ந்து, நகத்தால் கீறிப் பார்த்து
"ரொடீசியத் தேக்கு" என்றார்.
அந்தப் பெயரில் இப்போது நாடு இல்லை.
மரத்திடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் வளர்ந்த சாட்ஸ்வொர்த் வீட்டில் சிமென்ட் தரை.
சனிக்கிழமை சிவப்பு பாலிஷ்,
ஞாயிறு இரவுவரை உள்ளங்கால் சிவப்பு.
இந்த க்ளென்வுட் மேட்டில் அப்போது
எங்களுக்கு வீடு கிடையாது என்பது சட்டம்.
அதையெல்லாம் நினைத்துக்கொண்டு சுரண்டினேன்
என்றால் பொய்.
முழங்காலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது கரண்டி எதிலோ மோதியது.
சாப்பாட்டு அறையின் நட்டநடுவில்
பலகையோடு பலகையாக
ஒரு பித்தளைக் குமிழ்.
ஐந்து ரேண்ட் நாணயம் அளவு.
ஆணி என்று நெம்பப் போனேன்.
அழுந்தியது.
அழுந்திவிட்டு, மேலே வந்தது.

பெகிசிஸ்வே சற்று நேரம் பேசவில்லை.
மேசை இங்கே இருந்திருக்கும் என்றார்.
மேடம் இந்தப் பக்கம்.
காலால் அழுத்தினால் சமையலறையில் மணி.
விருந்தாளிக்குத் தெரியாது,
தட்டு எப்படித் தானாக வருகிறதென்று.
"என் அம்மா பெரேயாவில் ஒரு வீட்டில்..."
முடிக்காமல் முகமூடியை மேலே இழுத்துக்கொண்டார்.

முழங்காலில் இருந்தபடியே
கட்டைவிரலால் இன்னொரு முறை அழுத்தினேன்.
சத்தம் இல்லை.
சமையலறையிலிருந்து தீனா வந்தான்,
மூன்று கோப்பை தேநீரோடு.
"கூப்பிட்டாயா?"
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு பெகிசிஸ்வேதான் முதலில்,
தூசி கிளப்பும் தும்மலோடு.

குமிழ் இருந்தால் மணல்தாள் கிழியும்.
திருகைக் கழற்றினேன்.
துணி சுற்றிய கம்பி ஒரு சாண் வந்து
வெட்டுப்பட்ட நுனியோடு நின்றது.
கார்பெட் போட்ட நாளில் யாரோ வெட்டியிருக்கிறார்கள்.
வெட்கமோ, பழுதோ,
மணி கேட்டு வர ஆள் நின்றுவிட்டதோ.
அந்த மெத்தையைக் குப்பை வண்டி
ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது.

அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து
ஓட்டையை அடைத்தார்.
காய்ந்ததும் கொஞ்சம் கருத்துவிட்டது.
தெரிந்தவருக்குத்தான் தெரியும்.
குமிழ் டின்னில், ஸ்டேப்பிள்களோடு.

வருகிறவர்கள் எல்லோரும் தரையைப் புகழ்கிறார்கள்.
தீனா செலவைச் சொல்கிறான்.
நான் தோசைத்திருப்பியைச் சொல்கிறேன்.
மேசைக்கு அடியில் என் வலதுகால் பெருவிரல்
பாட்டுக்கு அந்தக் கருப்பைத் தேடிப் போய்
அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறது.

ரசத்தில் உப்பு குறைவு என்கிறார் யாரோ.
விரலை எடுத்துக்கொண்டு
எழுந்து போகிறேன்.