நாற்பதில் ஒரு கோடு

ஆர்.என். பாளையத்தில் தஸ்தகீர்
ஸ்பீடாமீட்டர் கண்ணாடிமேல்
காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியை ஒட்டி
பேனாவால் ஒரு கோடு இழுத்தார்.
"இதைத் தாண்டாத. ஐநூறு கிலோமீட்டர்.
பின்னாடி லோடு, ஆளு, எதுவும் ஏத்திக்கினு போவாத.
ஒரே வேகத்துலயும் இழுக்காத,
ஏத்து, விடு, ஏத்து, விடு.
ரிங்கும் போரும் ஒண்ணையொண்ணு
தேய்ச்சித்தான் பழகணும்."
கூலியில் பாதி கொடுத்தேன். மீதியை
அவர் எந்த நோட்டிலும் எழுதவில்லை.

நான் எழுதுகிறவன்.
வாரத் தவணை வசூல், கண்ணமங்கலம் லைன்.
பழைய ரிங் இருந்தவரை
என் ஸ்பிளெண்டர் தெருமுனையில் திரும்பும்போதே தெரிந்துவிடும்.
போன சந்தில் அரைமணி நேரம் நீலம் நிற்கும்.
கதவுகள் உள்ளே தாழிட்டுக்கொள்ளும்,
ஒரு நாய் மட்டும் வெளியே வந்து தும்மும்.

இப்போது புகை இல்லை. பூனை மாதிரி நுழையலாம்.
நுழைவதற்குள்
எல்லோரும் வேலைக்குப் போய்விட்டிருக்கிறார்கள்.

நாற்பதில் பாகாயம் ரோடு ரொம்ப நீளம்.
டவுன் பஸ் முந்துகிறது.
ஸ்கூட்டியில் ஒரு கன்னியாஸ்திரி முந்துகிறார்.
ஷூ கம்பெனி வேன் முந்தும்போது ஜன்னலோரம் ஒருத்தி
என்னைக் காட்டிப் பக்கத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள்.
இரண்டு வாரம் பாக்கி அவள்.
கீழே மே மாதத்துத் தார்,
முட்டிகளுக்கு நடுவே புது இரும்பின் காய்ச்சல்.

புதன்கிழமை, நூற்று எண்பத்து மூன்றாவது கிலோமீட்டரில்
முன்னால் வஜ்ஜிரவேலு.
ஏரிமீன் வியாபாரம், மூன்று வாரம் பாக்கி.
முதுகை வைத்தே சொல்வேன்.
பின்சீட்டில் நீலப் பெட்டி காலி,
மூடி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.
எல்லாம் விற்றுவிட்டுப் போகிறான், பை நிறையப் பணம்,
என்று கணக்குப் போட்டேன்.
கண்ணாடியில் என்னைப் பார்த்துவிட்டான்.

திருகினேன். முள் கோட்டைத் தொட்டது.
விட்டேன்.
அவன் பறந்திருக்கலாம். பறக்கவில்லை.
நடுவில் ஒரு லாரி நீள இடைவெளி,
சோழவரத்திலும் அதே லாரி.
கணியம்பாடி வேகத்தடையில் அவன் குதித்தான், பிறகு நான்.
அவன் ஏற்றினால் நான் ஏற்றினேன்,
அவன் விட்டால், ஏனோ, நானும்.
"வஜ்ஜிரம், நில்லுய்யா!"
திரும்பாமலே கையைத் தூக்கி ஆட்டினான்.
முடியாது என்றா, முந்திப் போ என்றா.
எக்ஸலில் புல்கட்டு ஏற்றிய ஒருவர்
எங்கள் இருவரையும் மெல்லத் தாண்டினார்,
யார் செத்தது என்று கேட்பவர்போலப் பார்த்துக்கொண்டே.

கண்ணமங்கலம் கூட்ரோட்டில்
அவன் ஆரணிப் பக்கம் திரும்பினான். என் லைன் நேர்.
நோட்டில் எழுதினேன்: ஆள் இல்லை.

ஐநூறு முடிந்தது ஒரு வெள்ளிக்கிழமை.
ஜும்மா முடிந்து கடை திறந்த தஸ்தகீர்
ஆயிலை இறக்கி, விரலில் தொட்டு
வெயிலில் காட்டினார். கருப்புக்குள் ஜிகினா.
"உக்காந்துட்ச்சி."

சுவரோரம் இன்னொரு வண்டி.
சீட்டில் காய்ந்து ஒட்டிய இரண்டு செதில்,
தரையில் கழற்றி வைத்த நீலப் பெட்டி,
மீட்டர் கண்ணாடியில் பிளாஸ்திரி.
நாற்பதில் கோடு.

அந்த வண்டியின் ஆயில் ஏற்கெனவே டப்பாவில் இருந்தது.
என்னுடையதையும் அதிலேயே ஊற்றினார்.

"இவர் உங்களுக்கு எவ்ளோ பாக்கி?"
"யாரு?" என்றார்,
பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத் தேடிக்கொண்டே.

பிளாஸ்திரியை நானே உரித்தேன்.
துணி வந்தது, பசை வரவில்லை.
மண்ணெண்ணெய் போட்டும் பார்த்தாயிற்று.
நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே
முள் எங்கே இருக்கிறது என்று
இப்போது சரியாகத் தெரிவதில்லை.