காலி எடை

சிப்காட் மூன்றாவது கேட்டில் என் எடைமேடை.
ஒவ்வொரு லாரியும் இரண்டு தரம் ஏறும்:
சரக்கோடு ஒருதரம், காலியாக ஒருதரம்.
கழித்தால் மிஞ்சுவது தோல், உப்பு, சுண்ணாம்பு.
பதினோரு வருஷத்தில் என் சீட்டில்
பொய் எழுதியதில்லை.

வயிற்றை வாழைக்காய் அளவுக்குத் தைத்தார்கள்.
நூற்றிருபத்தாறு, எழுபத்தொன்பது ஆனது.
சர்ச் வாசலில் பாஸ்டரம்மா
என்னிடமே என்னை விசாரித்தார்:
"எப்சிபா வரலையா?"

மூன்றாம் வருஷம்
சப்பாத்தி அடைக்கிறது. ஒரு பிடி சோறு
நெஞ்சில் நின்று நியாயம் கேட்கிறது.
ஆற்காட்டு மக்கன் பேடா மட்டும்
ஜீராவில் வழுக்கி
யாரையும் எழுப்பாமல் உள்ளே போய்விடுகிறது.

தொண்ணூற்று மூன்று.
இரண்டு செக்கப்புக்குப் போகவில்லை.
ஒருமுறை வேலூர் பஸ் ஏறி
பழைய பஸ் ஸ்டாண்டில் இறங்கி
கோட்டை அகழியைப் பார்த்தபடி
கால் கிலோ பட்டாணி தின்று முடித்துத்
திரும்பி வந்தேன்.

கடைசியில் போனபோது
நஸ்ரின் மேடம் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
ஒரு நோட்டு தந்தார்: என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு.
கடைசிக் கட்டம்,
"அதற்கு முன்னால் என்ன நடந்தது?"
ஒரு மாதமும் "ஒன்றுமில்லை" என்று எழுதினேன்.
எந்த லாரிக்கும் செய்யாத மோசடி.

என்ன நடந்தது?
பெருத்திருந்த காலத்தில்
அக்கா என்பார்கள், சீட்டை வாங்கிப் போவார்கள்.
ஷட்டர் போட்ட கடையில்
யாரும் விலை கேட்பதில்லை.
உள்ளே நான் கால் நீட்டி உட்கார்ந்திருந்தேன்
இருபது வருஷம்.

இளைத்த பிறகு ஒரு ராத்திரி
ஒருவன் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து
"பேர் என்னம்மா?" என்றான்.
அவ்வளவுதான்.
கை உள்ளே வரவில்லை.
முன்னொரு ஜன்னலில் வந்திருக்கிறது.
அன்றைக்கும் இனிப்புதான்;
கல்யாண வீட்டு லட்டு, நின்றபடி ஏழு.

நேற்று அந்தக் கட்டத்தை
எடைச்சீட்டு மாதிரி நிரப்பினேன்.
வண்டி: பத்துச் சக்கரம்.
நேரம்: இரவு 11.40.
பேர் கேட்டான்.
பேடா நான்கு.

லட்டை எழுதவில்லை.
கையெழுத்துப் போடும் இடத்தில்
பேனா கொஞ்சம் நின்றது.

வெளியே ஹாரன்.
அடுத்த வண்டி மேடையில் ஏறி ஆடிக்கொண்டிருக்கிறது,
திரையில் இலக்கங்கள் ஓடுகின்றன.
"சீக்கிரம்க்கா" என்கிறான் பையன்.

இருப்பா,
நம்பர் இன்னும் நிக்கலை.