தாழையூத்துக் கல்

தொள்ளாயிரம் டிகிரியில் நாலு மணி நேரம்.
உலைக்குள் கல் சத்தம் போடுவதில்லை.
தனக்குள் வைத்திருந்த காற்றை விட்டுவிட்டு
ஒரு கிலோ, அரைக் கிலோ சொச்சமாக
வெளியே வரும்,
வெள்ளையாய், பசியோடு.

பேட்டையில் எங்கள் கொட்டகைக்கு
இன்னும் பெயர்ப்பலகை இல்லை.
வாடகை இரண்டு மாசம் பாக்கி.
கித்தேரி சுண்ணாம்பைச் சலிப்பாள்.
நான் எண்ணெய் வடிகட்டுவேன்:
ஜங்ஷன் உலகம்மாள் கடையில்
நாலு நாள் வாழைக்காய் கண்ட எண்ணெய்,
மேலப்பாளையம் செய்யது மசூது
தகர டின்னில் கொடுத்துவிடும் சமோசா எண்ணெய்;
அதில் எப்போதும் ஒரு கறிவேப்பிலை மிதக்கும்.
அல்வாக் கடைகளில் கேட்டுப் பார்த்தோம்.
"நெய்யி மிஞ்சுமாம்மா?" என்று
ஆளுக்கொரு துண்டு கையில் வைத்து அனுப்பினார்கள்.

வினையூக்கி என்றால் என்ன என்று
வங்கி மேலாளர் கேட்டார்.
"கல்யாணத் தரகர் மாதிரி சார்,
சேத்து வைப்பாரு,
அந்த வீட்டுல தங்க மாட்டாரு."
கித்தேரி சொன்னதற்குச் சிரித்தார்.
கடன் தரவில்லை.

அவரிடம் சொல்லாததை இங்கே சொல்கிறேன்:
தரகரும் தேய்வார்.
ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கரைந்து
எண்ணெயோடு போய்விடுவார்.
ஐந்தாம் தடவை
ஆள் வந்து நிற்பார், காரியம் நடக்காது.

ஐப்பசியில்
குறுக்குத்துறைக் கோயில் முங்கிய வாரம்
சுண்ணாம்பு டப்பாவை மூட மறந்தது நான்தான்.
ஒரே ராத்திரி.
ஈரக்காற்றைக் குடித்துக் குடித்து
கல் மறுபடி கல்லாகப் பார்த்திருக்கிறது.
தெரியாமல் அதையே போட்டோம்.
எண்ணெயிலும் தண்ணீர் இருந்திருக்க வேண்டும்.
அறுபது லிட்டரும் பிரியாமல்
கூழாய், பழுப்பாய், சோப்பாய்.
கித்தேரி அள்ளிக் கை கழுவிப் பார்த்தாள்.
"ஏட்டி, நல்லா நுரைக்கி. இதையே விப்பமா?"
எனக்குச் சிரிப்பு வர
இரண்டு நாள் ஆயிற்று.

பிறகு எண்ணெயைக் காய்ச்சி ஈரம் போக்கினோம்.
மெத்தனாலைக் கூட்டினோம், குறைத்தோம்.
டப்பாவுக்கு மேல் டப்பா போட்டு மூடினோம்.
மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை
கண்ணாடிக் குடுவைக்குள்
கீழே கிளிசரின், கருப்பட்டிப் பாகு நிறம்.
மேலே, அடியில் வைத்த தினசரியில்
நேற்றைய மழையளவு படிக்கும்படி
தெளிந்து நின்றது.
நடுவில் ஒரு கோடு.
நாங்கள் இரண்டு பேரும்
அந்தக் கோட்டுக்கு முன்னால்
குத்தவைத்து உட்கார்ந்திருந்தோம்.
டீ ஆறிப்போனது.

(உலையின் மின்கட்டணத்தை
இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.
சேர்த்தால் கவிதை வேறு மாதிரி முடியும்.)

இன்று அதில் ஏழு லிட்டர் ஊற்றி
கித்தேரி லோடு வண்டியை எடுக்கிறாள்,
கல் ஏற்ற, தாழையூத்துக்கு.
எடைமேடைக்காரர் மூக்கை உறிஞ்சுகிறார்.
"எங்கம்மா பஜ்ஜி வாசம்?"
கித்தேரி கண்ணாடியை இறக்கி
"எடையைப் போடுங்கண்ணே,
வெயில் ஏறுது" என்கிறாள்.