கால்நடை, பதினேழு

பெக்கோக் ரயில்நிலையத்துக்குப் பின்னால்
பழைய புகைக்கூடம் நின்ற இடத்தில்
இப்போது சமூக மண்டபம்.
வெள்ளம் வடிந்த எட்டாம் நாள்
சுவரைச் சுற்றி ஒரு பழுப்புக் கோடு.
எனக்கு இடுப்புயரம். புனிதமலருக்கு மார்பு.

மாவட்ட அலுவலகப் பாரத்தில்
சேதத்துக்கு ஒதுக்கிய கட்டம்
இரண்டு விரல் அகலம்.
எழுதினேன்: கால்நடை, பதினேழு.

இருபத்தாறு வருடம் ரேஞ்சர் படை.
மீன்காரத் தவ்கே முதல் வாத்தியார் வரை
இன்னும் கர்னல் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.
வெள்ளக் குழுவுக்குத் தலைவராக இரு என்றபோது
மறுக்கத் தெரியவில்லை.
படையில் அந்தச் சொல்லைக் கற்றுத் தருவதில்லை.

முதல் இரவே பாடம் ஒன்று
அண்டாவோரம் கவிழ்ந்தது.
அதிகாரி கடைசியில்தான் சாப்பிடுவான் என்று
வரிசையின் வாலில் நின்றேன்.
எனக்குப் பின்னால் போய் நின்றார்கள்
இருபது பேர், மரியாதைக்கு.
இன்னும் பின்னால் போனேன். அவர்களும்.
சோறு ஆறிக்கொண்டிருந்தது.
"நீங்க முதல்ல தின்னுட்டுப் போங்க சார்,
எனக்கு அண்டா கழுவணும்" என்றாள் புனிதமலர்
கரண்டியைத் தட்டி.
தின்றேன், நின்றபடியே, அவசரமாக,
முகாமுக்கு அன்றுதான் வந்த பையன்போல.

இரண்டாம் இரவு, பதினொன்று நாற்பது.
இருந்தது ஒரே லோரி. சாவி சந்திரமோகனிடம்.
"ஆத்தோரம் தனபாக்கியக்கா மாட்டுக்கொட்டாய்.
இப்பவே போனா அவுத்து விட்டுறலாம்."
நீர்மட்டம் உறுதியாகட்டும், காத்திரு என்றேன்.
உறுதி சொல்ல வேண்டியவன்
செம்பனை மரத்தில் தொற்றிக்கொண்டிருந்தான்,
கைப்பேசி நனைந்து.
எனக்கு அது தெரியாது.
தெரியாது என்பதும் தெரியாது.
நாற்பது நிமிடம்
மழைதான் பேசியது.
பாதியிலேயே எனக்குப் பட்டது, அவன் சொன்னது சரி.
சொன்னதை மாற்றினால் குரல் உடையும் என்றொரு பயம்.
இந்தப் பயத்தைத்தான்
நட்சத்திரமாக அடித்துத் தோளில் குத்துகிறார்கள்.

விசாரணைக்கு வந்த ஹஸ்னுல் நல்ல மனிதர்.
பேனாவை நீட்டி மெதுவாகச் சொன்னார்:
"லோரி தாமதம் என்று போடலாமே, துவான்.
டிரைவர் தற்காலிக ஊழியர்தானே."

தற்காலிகம்.

எண்பத்தேழில், கிரிக் காட்டில்,
ரோந்து வழி தவறியது.
வரைபடத்தைத் தப்பாகப் படித்தவன் நான்.
அறிக்கையில் எழுதியது: வானொலிக் கோளாறு,
பொறுப்பு, லான்ஸ் கார்ப்பரல் ஜெமாட்.
அவனுக்குப் பதினான்கு நாள் காவல்.
எனக்கு அடுத்த வருடம் மேஜர் பதவி.
போகும்போது சல்யூட் அடித்தான்.
அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.

என் உத்தரவு என்று எழுதிக் கொடுத்தேன்.
தமிழில் இரண்டு சொல், மலாயில் மூன்று.
வீரம் ஒன்றுமில்லை.
ஓய்வூதியக்காரனிடம் பிடுங்க என்ன இருக்கிறது?

சாயங்காலம் தனபாக்கியம் வந்தார்.
ஈரப்பாய் வாசனையோடு பாரத்தைப் பார்த்தார்.
"பதினேழுன்னா?
கொம்பி, மயிலை, சாமந்தி,
கருக்கல்ல பொறந்த செவத்தது,
ரயிலுக்குப் பயப்படுற நொண்டி..."
விரல் மடக்கி எண்ணினார்.
பதினாறில் நின்று, மறுபடி முதலிலிருந்து.
பாரத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன்.
பதினேழாவது கன்றுக்கு
இன்னும் பேர் வைக்கவில்லையாம்.

தப்பு என்னுடையது என்றேன்.
"அத நீங்களே வெச்சிக்குங்க.
காசு எப்ப வரும்?"
தெரியாது என்றேன்.
இவ்வளவு உரக்க அந்தச் சொல்லை
நான் சொன்னதே இல்லை.

வெளியே சந்திரமோகன்
லோரிச் சக்கரச் சேற்றைக்
குச்சியால் நோண்டிக்கொண்டிருந்தான்.
அடுத்த மழைக்குச் சாவி உன்னிடமே இருக்கட்டும்,
என்னைக் கேட்க வேண்டாம் என்றேன்.
நிமிரவில்லை.
"சாவி எப்பவும் எங்கிட்டதான் சார் இருந்துச்சு."